அரத்தின் பல்லில் அப்பிக்கொள்ளும் ஈயம்

வெள்ளீயத்தை உருக்கிச் சிறு பொம்மைகள் வார்க்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “இரும்பை எவ்வளவு நேரம் ராவினாலும் அரத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. பொம்மையின் பிசிரை எடுக்கப் போனால் ஐந்தே நிமிடத்தில் அடைத்துக்கொண்டு வழுக்குகிறது. மெத்தென்ற உலோகம்தானே, ஏன் இப்படி?”

மெத்தென்று இருப்பதால்தான்.

அரத்தின் ஒவ்வொரு பல்லும் ஒரு குட்டி உளி. அது சீவியது பல்லுக்கு முன்னாலுள்ள பள்ளத்தில் தங்கி, அப்புறம் உதிர வேண்டும். இரும்புச் சீவல் உதிர்ந்துவிடும். நசுங்க நசுங்க அது விறைத்துப்போகிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் விறைத்துக் கடைசியில் ஒடிகிறதே, அதே சங்கதிதான். வெள்ளீயமோ விறைப்பதே இல்லை. பிசைந்த மாவைப்போல் பள்ளத்தில் அப்பிக்கொள்கிறது. போதாததற்கு, அப்போதுதான் சீவப்பட்ட பரப்பில் ஆக்சைடு படலம் சரியாகப் படிந்திருக்காது. அழுத்தத்தில் ஒரு சீவல் இன்னொன்றோடு அப்படியே ஒட்டிவிடும்.

ஏன் விறைப்பதில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். உலோகம் நசுங்கும்போது அணுக்களின் அடுக்கு குலைகிறது. குலைந்த இடங்கள் ஒன்றையொன்று மறிப்பதால் விறைப்பு வருகிறது. போதிய சூடு இருந்தால் அணுக்கள் நகர்ந்து தங்களை மறுபடி ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும். எவ்வளவு சூடு போதும்? கெல்வின் கணக்கில் (செல்சியஸோடு 273-ஐக் கூட்டினால் கெல்வின்) உருகுநிலையின் பாதியை நெருங்கினாலே பெரும்பாலும் போதும்.

27 டிகிரி செல்சியஸ் உள்ள அறை என்றால் 300 கெல்வின். வெள்ளீயம் உருகுவது 505 கெல்வினில். ஆக, மேசைமேல் சும்மா கிடக்கும்போதே அது உருகுநிலையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை எட்டியாயிற்று! இரும்பு உருக 1811 கெல்வின் வேண்டும். அறைச் சூடு அதில் 17 சதவீதம்கூட இல்லை. இரும்பை அந்த 60 சதவீதத்துக்குக் கொண்டுபோக 800 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் காய்ச்ச வேண்டும். கொல்லர் உலையிலிருந்து செக்கச்செவேலென்று எடுத்து அடிக்கும் பதம் அது. கையில் ஜில்லென்று இருக்கும் வெள்ளீயப் பொம்மை, தன் அணுக்களைப் பொறுத்தவரை பழுக்கக் காய்ச்சிய இரும்பு! காரீயமும் சரிபாதியில் நிற்கிறது. உருகுநிலைகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்யச் சொல்வதற்குப் பதில், மாணவர் கையில் ஓர் அரத்தையும் ஈயத்துண்டையும் கொடுத்தால் இந்தப் பாடம் ஆயுசுக்கும் மறக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, அடைப்புக்கு வருவோம். ராவுவதற்கு முன்பே அரத்தில் சாக்பீஸைத் தேய்த்துவிடுங்கள். பள்ளத்தில் சுண்ணப்பொடி இருந்தால் உலோகம் பிடித்துக்கொள்ள இடமிருக்காது. வேலை முடிந்ததும் பொடியைத் துடைத்துவிடுங்கள். ஈரத்தை இழுத்துத் துரு பிடிக்கவைக்கும்.

அடைத்துவிட்ட அரத்தைத் தீயில் காட்டி ஈயத்தை உருக்கலாம் என்பார்கள். வேண்டாம். வெள்ளீயம் உருகும் 232 டிகிரியிலேயே எஃகின் கடினம் இறங்கத் தொடங்கிவிடும். காரீயம் உருகும் 327 டிகிரிக்குப் போனால் அரம் நீலம் பாய்ந்து பதம் கெட்டுவிடும். அப்புறம் அந்தப் பல் எதையும் ஒழுங்காகக் கடிக்காது.

அடைத்திருப்பது அலுமினியம் என்றால் நீர்த்த காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைக்கலாம். அலுமினியம் ஹைட்ரஜன் குமிழ்களை விட்டுக்கொண்டே கரையும், அரத்தின் எஃகைக் கரைசல் தொடாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, திறந்த வெளி மூன்றும் கட்டாயம். தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாவில் தண்ணீரை ஊற்றக்கூடாது.

ஈயத்துக்கு இந்த வழி சரிவராது. கம்பி பிரஷ்ஷைப் பற்கள் ஓடும் திசையிலேயே இழுத்தால் பாதி போகும். காரீயம் என்றால் அந்தத் தூளை வாயால் ஊதாதீர்கள்; நுரையீரலுக்குள் போனால் நஞ்சு. வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பிரஷ்ஷுக்கும் அசையாததற்கு ஒரு பித்தளைத் தகடு போதும். அதன் விளிம்பை அரத்தின்மேல் வைத்து, பள்ளங்கள் போகும் வாக்கிலேயே அழுத்தித் தள்ளுங்கள். பித்தளை அரத்தைவிட மென்மையானது. அதனால் நாலைந்து தள்ளலில் அரத்தின் பற்களே தகட்டின் விளிம்பைத் தங்களுக்கு அளவெடுத்த சீப்பாகச் செதுக்கிவிடும். அந்தச் சீப்பின் பல் ஒவ்வொன்றும் தன் பள்ளத்தின் அடிவரை இறங்கும். அடுத்த தள்ளலில், அப்பியிருந்த ஈயம் வெள்ளி இழைபோல மெல்லிய சுருளாக அரத்தின் மறுபக்கத்தில் வந்து விழும்.