காணாமலாக்கல்: போனவரா, ஆக்கப்பட்டவரா?

நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையிலிருந்து கடலுக்குப் போன படகு புயலில் சிக்கித் திரும்பாவிட்டால், ‘மீனவர்கள் காணாமல் போயினர்’ என்று செய்தி வரும். அங்கே அது பொருத்தமான வினை; கடலைக் கூண்டில் ஏற்ற முடியாது. சீருடைக்காரர்கள் வீட்டிலிருந்து கூட்டிச் சென்ற ஒருவரையும், ‘அப்படி யாரையும் பிடிக்கவில்லை’ என்று அரசு கைவிரித்த பிறகு, ‘காணாமல் போனார்’ என்றே எழுதுகிறோம். செய்தவனை வினைச்சொல்லே தப்பவிட்டுவிடுகிறது.

ஆகு என்பது தன்வினை, ஆக்கு என்பது பிறவினை. ஆக்கியவன் ஒருவன் உண்டு என்பதை ஓர் ஒற்றெழுத்து காட்டிக்கொடுக்கிறது. கோடியக்கரைக்கு எதிர்க்கரையில், கிளிநொச்சியில் 2017 பிப்ரவரியில் பிள்ளைகளைத் தேடிப் போராட்டத்தில் அமர்ந்த தாய்மார் ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்கிறார்கள். இலங்கை அரசு 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைத்த அலுவலகத்தின் பெயரிலோ ‘காணாமல் போன ஆட்கள்’. சண்டை முழுவதும் அந்த இரண்டு வினைகளுக்குள் இருக்கிறது.

‘வலிந்து’ என்ற அடைமொழியில் எனக்கு ஒரு தயக்கம். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் ‘வலியப் போய்ப் பேசினான்’ என்றால் தானாக முன்வந்து பேசினான் என்று பொருள். ‘ஆக்கு’ இருக்கும்போது வலிமைக்குத் தனிச்சொல் தேவையில்லை. காணாமலாக்கல் என்றாலே போதும்.

1976 முதல் 1983 வரை அர்ஜென்டினாவை ஆண்ட ராணுவ ஆட்சியின் காலத்தில் ஸ்பானிய மொழியின் ‘தெசாபரெசீதோஸ்’ (காணாமல் போனவர்கள்) என்ற சொல் உலகெங்கும் பரவியது. ஐ.நா. 2006இல் ஏற்ற உடன்படிக்கை காணாமலாக்கலுக்கு வரையறை தந்தது: அரசின் ஆட்களோ அதன் ஆதரவு பெற்றவர்களோ ஒருவரைப் பிடித்துவிட்டு, பிடித்ததை மறுப்பது அல்லது அவர் கதியை மறைப்பது, அதனால் அவரைச் சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே நிறுத்துவது.

குற்றம் செய்த அரசே விசாரிக்காது. அப்படியானால் யார் விசாரிப்பது? இங்கே வருகிறது ‘யுனிவர்சல் ஜூரிஸ்டிக்‌ஷன்’. குற்றம் எங்கே நடந்தாலும், செய்தவரும் பாதிக்கப்பட்டவரும் எந்த நாட்டவரானாலும், வேறொரு நாட்டின் சொந்த நீதிமன்றமே விசாரிக்கலாம் என்பது இதன் பொருள். ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றங்களோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. விமானத்திலிருந்து கைதிகளைக் கடலில் வீசிய குற்றங்களுக்காக, அர்ஜென்டினக் கடற்படையின் முன்னாள் அதிகாரி அடோல்ஃபோ சிலிங்கோவுக்கு 2005இல் 640 ஆண்டுச் சிறை விதித்தது ஸ்பெயினின் நீதிமன்றம்.

தமிழில் இதை ‘உலகளாவிய அதிகார வரம்பு’ என்கிறார்கள். வரப்பும் வரம்பும் ஒன்றுதான் என்பது டெல்டாவில் வயல் வைத்திருப்பவருக்குத் தெரியும். உலகளாவிய வரப்பு என்று ஒன்று உண்டா? ‘இது எங்கள் எல்லை இல்லை, அடுத்த ஸ்டேஷனுக்குப் போங்கள்’ என்ற பதிலைக் கேட்டுத் திரும்பியவர்களுக்கு, வரம்பு எதற்குப் பயன்படுகிறது என்பதும் தெரியும். ‘ஜூரிஸ்டிக்‌ஷன்’ என்பதன் லத்தீன் மூலத்தில் வரம்பே இல்லை. ‘சட்டத்தை உரைத்தல்’ என்பதே பொருள். ஈழத்தவர் வழங்கும் ‘நியாயாதிக்கம்’ அதற்கு நெருக்கமானது. ‘உலகளாவிய குற்றவியல் நியாயாதிக்கம்’ என்பதையே நான் எடுத்துக்கொள்வேன். வடமொழி வாடை அடிக்கிறது என்பவர்கள் ‘உலகப்பொது விசாரணை உரிமை’ எனலாம்.

இந்தியா அந்த ஐ.நா. உடன்படிக்கையில் 2007இல் கையெழுத்திட்டது. இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. காணாமலாக்கல் என்ற பெயரில் இங்கே தனிக்குற்றமும் இல்லை. கும்பகோணத்துக்காரர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போடலாம். ஆளைக் கொண்டுவா என்று நேராகச் சொல்லும் நல்ல தமிழ்ச்சொல் அது. காவல் நிலையப் பதிவேட்டிலோ தலைப்பு ‘மேன் மிஸ்ஸிங்’.