ஆண் தேனீ சும்மாவா இருக்கிறது?

மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டங்களில் வைக்கும் தேன்பெட்டிகளில் ஆண் தேனீக்கு மரியாதையே இல்லை. தேன் கொண்டு வராது, அடை கட்டாது, கொடுக்கும் கிடையாது, உட்கார்ந்து தின்னும். எல்லாம் சரிதான். ஆனால் அதன் தலையைப் பாருங்கள். முக்கால்வாசி கண். வானத்தில் பறக்கும் ராணியைக் கண்டுபிடித்துத் துரத்துவதற்கென்றே அமைந்த உடம்பு அது.

இளம் ராணி வெளியே பறக்கும் சில தடவைகளில் பல கூடுகளின் ஆண்கள் அதைத் துரத்துகின்றன. சண்டை கிடையாது, முந்துகிறவனுக்குத்தான் வாய்ப்பு. கொம்புத் தேனீ, பெட்டியில் வளரும் அடுக்குத் தேனீ, மலைத்தேனீ மூன்றின் ராணிகளுக்கும் ஈர்க்கும் வாசனையில் முக்கியமான பொருள் ஒன்றே. அப்படியானால் குழப்பம் வராதா? நேரம் வேறு. 1970களில் இலங்கையில் பார்த்தபோது, கொம்புத் தேனீயின் ஆண்கள் நண்பகலுக்குப் பிறகும், அடுக்குத் தேனீயின் ஆண்கள் மாலை நாலே காலுக்கு மேலும், மலைத்தேனீயின் ஆண்கள் பொழுது சாயும் வேளையிலும் பறந்தன.

இணையும் நொடியில் ஆணின் உறுப்பு வெடித்தாற்போல் வெளியே பிதுங்கும். அதோடு ஆள் காலி. போட்டி மட்டும் முடிவதில்லை. ராணி பத்துக்கும் மேற்பட்ட ஆண்களோடு இணைந்து, அந்த விந்தணுக்களைத் தன் வயிற்றிலுள்ள சிறு பையில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு வைத்திருக்கும். பல ஆண்களோடு இணையும் தேனீ, எறும்பு இனங்களில் ஓர் ஆணின் விந்துத் திரவம் மற்றவனின் விந்தணுக்களைக் கொல்லப் பார்க்கிறது என்று 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரே ஆணோடு இணையும் இனங்களில் இந்த வேலை இல்லை. இலைவெட்டி எறும்பில் ராணியின் பைத் திரவம் இந்தச் சண்டையை அடக்கியும் விடுகிறது. எனக்கு இதுதான் மொத்தக் கதையிலும் பெரிய ஆச்சரியம்.

ராணிக்கு ஏன் இத்தனை துணை? கருவுறாத முட்டை ஆணாகும், அதாவது ஆண் தேனீக்கு அப்பா கிடையாது. கருவுற்ற முட்டையில் பாலினத்தைத் தீர்மானிக்கும் மரபணுவின் இரண்டு படிகளும் வேறுவேறாக இருந்தால் பெண். ஒன்றாக அமைந்துவிட்டால் அதுவும் ஆண்தான், ஆனால் பயனற்றது. பொரித்த உடனே வேலைக்காரத் தேனீக்கள் அந்தப் புழுவைத் தின்றுவிடும். துணை ஒருவனே ஆகி, அவனுடைய மரபணுவும் ராணியுடையதோடு பொருந்திப்போனால், கருவுற்ற முட்டைகளில் பாதி வீண். பலர் என்றால் இழப்பு கொஞ்சம்தான்.

அடுக்குத் தேனீயின் ஆண் அறையை மூடியின் நடுவில் இருக்கும் சின்னத் துளையை வைத்தே அடையாளம் காணலாம். தீனி மிச்சம் என்று அவற்றையெல்லாம் அறுத்துவிட்டு, ஒரே தாய்ப் பெட்டியிலிருந்தே பிரித்துப் பிரித்து வளர்ப்பவர்கள், புழு அடையில் அங்கங்கே காலி அறை தெரிந்தால் நோயை மட்டும் சந்தேகிக்க வேண்டாம்; ராணி சொந்தத்துக்குள்ளேயே இணைந்திருக்கவும் கூடும்.