சொல் விளக்கம்: காணொலிக் காட்சி

அரசு அலுவலகங்களில் இதற்கு 'வி.சி.', அதாவது வீடியோ கான்பரன்ஸ், என்று பெயர். "சார் வி.சி.யில இருக்காங்க" என்று சொல்லிவிட்டால் மனுவோடு வந்தவர் வராந்தா பெஞ்சைத் தேட வேண்டியதுதான். அதுவே மறுநாள் செய்தித்தாளில் 'காணொலிக் காட்சி' ஆகிவிடும். ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் கீழக்கரை, பெரியபட்டினம் வீடுகளில் அது வெறும் 'வீடியோ கால்'. துபாயில் இருக்கும் மகனோடு ஐ.எம்.ஓ., போட்டிம் ஆகிய செல்போன் செயலிகளில் பேசிப் பழகிய பாட்டிமார்கள் அந்தக் கரையில் நிறைய. திரைக்கு முன்னால் எப்படி உட்கார வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

மூன்று பெயருக்கும் பின்னால் இருக்கும் கருவி கிட்டத்தட்ட ஒன்றுதான், சொல்லும் வேலைதான் வேறு. பென்ஷன், உதவித்தொகை, நிவாரணம் போன்றவற்றுக்கு ஆள் அலைய வேண்டாம், அதிகாரியும் பயனாளியும் திரை வழியே பார்த்துப் பேசி வேலையை முடிக்கலாம் என்றொரு முறை வந்திருக்கிறதே, அதை என்ன சொல்லி அழைப்பது?

முதலில் மூலச்சொல். 'வீடியோ' என்பது லத்தீனில் வினைமுற்று, 'பார்க்கிறேன்' என்று பொருள். ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த 'ஆடியோ'வுக்கு, அதாவது 'கேட்கிறேன்' என்பதற்கு, ஜோடியாக 1930-களில் ஆங்கிலத்தார் இதை எடுத்துக்கொண்டார்கள். 'கான்பரன்ஸ்' என்பதும் லத்தீன் வழி வந்ததே; ஒன்றாகக் கொண்டுவந்து சேர்ப்பது என்பது அதன் வேர்ப்பொருள். பொருள் பழையது, கருவியும் நாம் நினைப்பதைவிடப் பழையது. 1936-லேயே ஜெர்மன் அஞ்சல் துறை பெர்லினுக்கும் லைப்சிக்குக்கும் இடையே முகம் பார்த்துப் பேசும் தொலைபேசியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது.

தமிழில் 'காணொலி'யா 'காணொளி'யா என்ற சண்டை ஓயவில்லை. காண் + ஒலி, காண் + ஒளி இரண்டுமே வினைத்தொகை. "ஒலியை எப்படி ஐயா காண முடியும்?" என்பார் ஒரு கட்சிக்காரர். "ஒளியை மட்டும் சொன்னால் சத்தம் எங்கே போயிற்று?" என்பார் மற்றவர். காணவும் முடிகிற ஒலி என்று விரித்தால் 'காணொலி'யில் இரண்டும் அடங்குகின்றன, 'கேட்பொலி'க்கும் அது இணையாக நிற்கிறது. அரசுச் செய்திக்குறிப்புகளும் பெரும்பாலும் அப்படித்தான் எழுதுகின்றன. 'விழியம்', 'நிகழ்படம்' என்றும் எழுதுகிறவர்கள் உண்டு. அழகான சொற்கள்தான், ஆனால் தங்கச்சிமடம் பஸ் ஸ்டாண்டில் சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நான் 'காணொலி' கட்சி. 'காணொளி' என்று எழுதுகிறவரோடு சண்டைக்குப் போக மாட்டேன்.

எனக்கு நெருடுவது அடுத்த பாதி. கான்பரன்ஸ் எப்படிக் 'காட்சி' ஆயிற்று? 'தொலைக்காட்சி'யின் வாடை ஒட்டிக்கொண்டது என்று தோன்றுகிறது. சென்னையில் ஒருவர் பொத்தானை அழுத்த, மாவட்டத்தில் ஒரு கட்டடம் திறந்துகொள்ளும் 'காணொலிக் காட்சி வாயிலாக' விழாவுக்கு அந்தச் சொல் பொருத்தம்தான். ஒருவர் காட்டுகிறார், மற்றவர்கள் பார்க்கிறார்கள். ஆனால் முதியோர் உதவித்தொகை ஏன் நின்றது என்று கேட்க வந்த மூதாட்டி காட்சி பார்க்க வரவில்லை. அவர் கேட்க வேண்டும், பதில் வர வேண்டும்.

'காணொலிக் கலந்தாய்வு' என்பது கான்பரன்ஸுக்கு நேர்ச்சொல். அதிகாரிகள் கூட்டத்துக்கு அது சரி. பொதுமக்களிடம் சொன்னால் வேறு சிக்கல்: தமிழ்நாட்டில் 'கலந்தாய்வு' என்றதும் இன்ஜினீயரிங் சீட்டோ ஆசிரியர் இடமாற்றமோதான் நினைவுக்கு வருகிறது.

சரி, நமக்குத் தேவையான சொல் எங்கே இருக்கிறது என்றால், கருவூலத்தில். மாநில அரசின் ஓய்வூதியர்கள் ஆண்டுக்கு ஒருமுறை உயிரோடு இருப்பதைக் காட்டுகிறார்களே, அதன் அலுவல் பெயர் 'நேர்காணல்'. பேச்சில் 'மஸ்டரிங்'. மஸ்டர் என்பது லத்தீனின் 'காட்டுதல்' என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. படையாட்களை வரிசையில் நிறுத்தித் தலை எண்ணும் வேலைக்கு உரியது. நூறு நாள் வேலையின் 'மஸ்டர் ரோல்' அதன் தம்பி. இன்னொரு சொல் 'ஆஜர்'. அரபியின் 'ஹாளிர்' உருது வழியாகக் கோர்ட்டு கச்சேரிக்குள் நுழைந்து தமிழாகிவிட்டது. இரண்டிலும் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தும் தொனி இருக்கிறது. 'நேர்காணல்' அப்படியில்லை. ஒருவரை ஒருவர் எதிரெதிரே பார்ப்பது அது. திரை நடுவில் வந்தாலும் அந்தப் பொருள் சேதமாகாது.

'நேர்' என்று வந்துவிட்டால் உடம்போடு வந்து நிற்க வேண்டாமா என்று கேட்கலாம். இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. பிரபுல் தேசாய் வழக்கில் 2003-ல் வந்த தீர்ப்பு, சாட்சி காணொலி வழியே தெரிந்தாலும் அது முன்னிலையில் நடந்ததாகவே கொள்ளலாம் என்றது. தமிழ் இலக்கணத்துக்கு இது புதிதல்ல. எதிரே இருந்து கேட்பவர் முன்னிலை, பேச்சில் மட்டும் வருபவர் படர்க்கை. திரையில் "அம்மா, கேமராவைப் பார்த்துச் சொல்லுங்க" என்று ஒருவர் கேட்டால் அந்த அம்மா முன்னிலைதானே?

ஆனால் முகத்தைக் கேமராவில் காட்டுவதெல்லாம் காணொலி நேர்காணல் ஆகாது. ஓய்வூதியர் உயிரோடு இருப்பதற்கு மின்னணுச் சான்று தரும் மத்திய அரசின் ஜீவன் பிரமாண் 2014 நவம்பரில் வந்தது. முதலில் கைரேகை, கண் கருவிழிப் பதிவு, 2021 நவம்பரில் முக அடையாளமும் சேர்ந்தது. அதில் செல்போன் முகத்தைப் படித்து ஆதாரோடு ஒப்பிடுகிறது. மறுமுனையில் ஆள் இல்லை. அதே மாதத்தில் பாரத ஸ்டேட் வங்கி தொடங்கிய காணொலி வாழ்நாள் சான்றிதழ் வேறு வகை. அங்கே வங்கி அலுவலர் திரையில் வருகிறார், திரையில் தெரியும் குறியீட்டு எண்ணைப் படிக்கச் சொல்கிறார், பான் அட்டையைக் காட்டச் சொல்கிறார், படம் எடுத்துக்கொள்கிறார். இதைத்தான் நேர்காணல் என்று சொல்ல மனம் வருகிறது. தபால்காரர் வீட்டுக்கே கருவியோடு வந்து பதிவது மூன்றாவது வழி. அதற்குத் திரையே வேண்டாம்.

இந்தக் கரைக்கு இந்த வேறுபாடு சும்மா சொல்லாராய்ச்சி இல்லை. மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டி, கழுத்தளவு தண்ணீரில் முங்கிப் பாறையிலிருந்து பாசி பிய்க்கும் பெண்களைப் பாருங்கள். விரல் ஒவ்வொன்றிலும் துணியைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். அப்படியும் பாறை கிழிக்கும், உப்பு அரிக்கும். அந்த விரலைக் கருவியில் வைத்தால் "ரேகை விழலையே" என்பதுதான் பதில். துடைத்து, எண்ணெய் தடவி, அடுத்த விரல், அதற்கடுத்த விரல். கருவிக்கு இந்த ஆள் யார் என்று தெரியவில்லை. மறுமுனையில் ஒரு மனிதர் இருந்தால் ஊர், பெயர், கணவர் படகு, கார்டில் இருக்கும் பழைய போட்டோ எல்லாவற்றையும் வைத்து விசாரிக்க முடியும். ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரம் 50 கிலோமீட்டருக்கு மேல். தனுஷ்கோடி பக்கத்தில் இருப்பவருக்கு அதற்கு மேலும் பஸ். ஒரு கேள்விக்காக ஒரு நாள் கூலி போவது மிச்சமாகும்.

அதற்காக எல்லாவற்றுக்கும் திரையைக் கட்டிவிடவும் வேண்டாம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்கான நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். அந்தப் பணம் கணக்கில் ஏறுவதற்கு யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. பட்டியலில் பெயர் விடுபட்டவருக்குத்தான் பேச ஓர் ஆள் வேண்டும். அமெரிக்காவிலும் ஓய்வூதியம், உதவித்தொகைகளைக் கவனிக்கும் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகங்கள் திரை வழி விசாரணைகளையும் சந்திப்புகளையும் நடத்துகின்றன. அங்கேயும் இங்கேயும் திரைக்கு வேலை வருவது கேள்வி இருக்கும் இடத்தில்தான்.

எழுதுகிறவர்களுக்கு என் பரிந்துரை: திறப்பு விழாவுக்குக் 'காணொலிக் காட்சி' இருக்கட்டும், அது பழகிவிட்டது. அதிகாரிகள் தங்களுக்குள் பேசினால் 'காணொலிக் கலந்தாய்வு'. பயனாளியோடு பேசினால் 'காணொலி நேர்காணல்'. திட்டத்துக்கே பெயர் வைப்பதென்றால் 'காணொலிவழிச் சேவை'. இ-சேவை மையத்து வாசலில் போர்டு எழுதும்போது மட்டும் இவற்றோடு 'வீடியோ கால்' என்பதையும் பெரிய எழுத்தில் சேர்த்துவிடுங்கள்.