மாட்யூல்: விரிவாக்கக் கட்டகம்

கையடக்கக் கருவியின் முதுகிலோ பக்கவாட்டிலோ செருகி, அதில் இல்லாத திறனைச் சேர்க்கும் சிறு பலகையை மாட்யூல் என்கிறோம். ஜிபிஎஸ் மாட்யூல், கேமரா மாட்யூல், ரேடியோ மாட்யூல் என்று பட்டியல் நீளும். கேட்பவர் மனத்தில் 'கூடுதல் பாகம்' என்ற பொருள்தான் பதிகிறது. வேர்ச்சொல்லோ அளவைப் பற்றிப் பேசுகிறது.

லத்தீனில் மோதுஸ் என்றால் அளவு. அதன் குறுமை வடிவம் மோதுலுஸ், அதாவது சிற்றளவு. கி.மு. முதல் நூற்றாண்டு ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் கோயில்களுக்கு இலக்கணம் வகுக்கும்போது இந்தச் சொல்லைக் கையாள்கிறார். டோரிக் பாணித் தூணின் பருமன் 2 மோதுலுஸ். தூணின் தலைப்பகுதியான போதிகையோடு சேர்த்து உயரம் 14. கோயில் பெரிதானால் மோதுலுஸும் பெரிதாகும், விகிதம் மாறாது. ஆங்கிலத்தின் மாடல், மோல்டு இரண்டும் இதே வேரில் கிளைத்தவைதான். கழற்றி மாட்டும் பகுதி என்ற பொருள் மிகவும் பிந்தியது; 20ஆம் நூற்றாண்டில் மின்னணுவியலும் விண்வெளிப் பயணமும் அதைப் பரப்பின. 1969இல் நிலவில் இறங்கிய கலத்தை லூனார் மாட்யூல் என்றே அழைத்தார்கள்.

பழைய பொருள் செத்துவிடவில்லை. ஒரு மாட்யூலை வடிவமைக்க உட்காருபவர் முதலில் தேடுவது அளவுகளைத்தான். ராஸ்பெரி பை என்ற சிறு கணினியின் மேல் பொருத்தும் 'ஹேட்' பலகைகளுக்கு 2014இல் விதி வகுத்தார்கள்: 65க்கு 56 மில்லிமீட்டர் பலகை, 40 பின்கள் (இணைப்பு முனைகள்), திருகுத் துளைகளுக்குக் குறித்த இடம். அதோடு பலகையில் ஒரு சிறு நினைவகச் சில்லும் இருக்க வேண்டும். 27, 28ஆம் பின்கள் அதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. வந்திருப்பது எந்தப் பலகை, எந்தப் பின்னை எதற்குப் பயன்படுத்துகிறது என்பதைக் கணினி துவங்கும்போதே அதிலிருந்து படித்துக்கொள்ளும். 1999இல் வந்த ஹேண்ட்ஸ்பிரிங் வைசர் என்ற கையடக்கக் கருவி இதில் முன்னோடி. அதன் ஸ்பிரிங்போர்டு மாட்யூல்கள் தமக்குரிய மென்பொருளைத் தாமே சுமந்து வந்தன. செருகியதும் நிரல் தோன்றும், உருவியதும் மறையும்.

ஒப்புக்கொண்ட அளவு தவறாகவே இருந்தாலும் அதற்குக் கட்டுப்பட்டாக வேண்டும். ஆர்டுயினோ என்ற மின்னணுப் பயிற்சிப் பலகையில் பின்களுக்கு இடையே 0.1 அங்குலம். 7ஆம் பின்னுக்கும் 8ஆம் பின்னுக்கும் நடுவில் மட்டும் 0.16 அங்குலம். வரைபடத்தில் நேர்ந்த பிழை அது. கண்டுபிடிப்பதற்குள் அந்த இடைவெளிக்கேற்ப மேலே பொருத்தும் 'ஷீல்டு' பலகைகள் புழக்கத்துக்கு வந்துவிட்டதால் அப்படியே விட்டுவிட்டார்கள். வழக்கமான துளைப் பலகையில் பின்களை வரிசையாகச் சாலிடர் செய்து அதன்மேல் வைத்துப் பார்த்தால், ஒரு வரிசை மட்டும் பாதித் துளை தள்ளி நின்று வம்பு செய்யும்.

கண்ணுக்குத் தெரியாத அளவுகளும் உண்டு. 3.3 வோல்ட்டில் இயங்கும் கருவியின் பின்னில் 5 வோல்ட் கொடுத்தால் சில்லு கருகக்கூடும். இரண்டே கம்பிகளில் பல சென்சார்களை இணைக்கும் ஐ-ஸ்கொயர்-சி முறையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி எண் உண்டு, வழக்கமாக 7 பிட் நீளம். ஒரே முகவரி கொண்ட இரண்டு மாட்யூல்கள் சேர்ந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பதில் சொல்லிக் குழப்பும். விவரம் தெரிந்த வடிவமைப்பாளர் முகவரியை மாற்ற ஒரு ஜம்பர் (இரு முனைகளை இணைக்கும் சிறு துண்டு) வைத்திருப்பார். யுஎஸ்பி முனையை உற்றுப் பாருங்கள். மின்சாரத் தகடுகள் தரவுத் தகடுகளைவிடச் சற்று நீளமாக இருக்கும். செருகும்போது மின்சாரம் முந்தும், உருவும்போது கடைசியாகப் பிரியும். கருவி ஓடிக்கொண்டிருக்கையிலேயே மாட்டிக் கழற்ற முடிவதில் இந்தச் சின்ன நீள வித்தியாசத்துக்கும் பங்குண்டு.

இத்தனையையும் தாங்கும் தமிழ்ச் சொல் எது? பாகம் என்றால் உதிரிபாகம் நினைவுக்கு வருகிறது. பழுதானதை மாற்ற வந்தது அது, புதிதாகச் சேர்க்க வந்ததன்று. கூறு என்பது பிரிப்பதைக் குறிக்கும், கூறுபோடுவது போல. தொகுதி என்றால் தேர்தலோ நூலின் பாகமோ முந்திக்கொள்கிறது. அலகு அளவைக் குறிப்பதுதான். ஆனால் இயற்பியல் அதை எப்போதோ எடுத்துக்கொண்டது (பறவை அதற்கும் முன்பே). வேரோடு அச்சாகப் பொருந்துவது மட்டு. அளவு, எல்லை என்பது அதன் பொருள். மட்டற்ற, மட்டுப்படுத்து என்று வழங்குகிறோம். கணிதப் பாடநூல்கள் மாடுலஸ் என்பதற்கு மட்டு என்றே எழுதுகின்றன. எனக்கு மிகவும் பிடித்த சொல், இருந்தாலும் இங்கே ஓடாது. 'ஜிபிஎஸ் மட்டு' என்றால் பாதிப் பேர் 'ஜிபிஎஸ் மட்டும்' என்றுதான் கேட்பார்கள்.

எஞ்சுவது கட்டகம். ஆசிரியர் பயிற்சி ஏடுகளில் ஏற்கெனவே பழகிய சொல் அது. கட்டி இணைப்பது என்ற சாயல் அதில் தெரிகிறது. கட்டக வடிவமைப்பு, கட்டகக் கருவி என்று கிளைக்கவும் செய்கிறது. நீட்சி என்ற சொல் உலாவி மென்பொருளோடு ஒட்டிக்கொண்டுவிட்டதால், வன்பொருளுக்கு விரிவாக்கக் கட்டகம் என்பதே என் தேர்வு. பட்டறை மேசையில் மாட்யூல் என்று சொல்வதில் குற்றமில்லை. பயனர் கையேட்டில் மட்டும் இப்படி எழுதலாம்: 'கருவியை அணைத்த பின்னரே விரிவாக்கக் கட்டகத்தைச் செருகவும்.'