கொடிக்குடுவை: நெப்பந்தஸ் என்ற சொல்லும் அதன் விதையும்

பள்ளியில் பூச்சி உண்ணும் தாவரங்கள் பற்றிப் படித்தவர்களுக்கு நெப்பந்தஸ் என்ற பெயர் நினைவிருக்கும். படத்தில் இலை நுனியிலிருந்து மூடி போட்ட ஒரு சிறு பாத்திரம் தொங்கும். பெயரை மனப்பாடம் செய்தோம், தேர்வில் எழுதினோம். அது என்ன சொல், எங்கிருந்து வந்தது, தமிழில் அதை எப்படி அழைக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை.

அது கிரேக்கச் சொல். 'நே' என்றால் இல்லை, 'பெந்தோஸ்' என்றால் துயரம். இரண்டும் சேர்ந்தால் துயரில்லாமல் ஆக்குவது. ஹோமரின் ஒடிசியில் நான்காம் பகுதியில் இது வருகிறது. டிராய் போரில் இழந்தவர்களை நினைத்து ஸ்பார்ட்டா அரண்மனையில் எல்லாரும் அழுதுகொண்டிருக்கிறார்கள். அப்போது ஹெலன் திராட்சை மதுவில் ஒரு மருந்தைக் கலந்து கொடுக்கிறாள். அதைக் குடித்தவர் பெற்ற தாயும் தகப்பனும் இறந்துபோனாலும் அன்றைக்குக் கண்ணீர் விடமாட்டார் என்கிறது அந்தக் காப்பியம். அந்த மருந்துக்குத்தான் 'நெப்பந்தஸ்' என்ற அடைமொழி.

நம் குடுவைச் செடிக்கும் அந்த மருந்துக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. பெயரை எடுத்து வைத்தவர், செடிகளுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ். 1737-ல் அவர் எழுதிய நூலில் அதற்கான காரணத்தையும் சொல்கிறார்: நெடும்பயணம் செய்து களைத்துப்போன ஒரு தாவரவியலாளர் இந்தச் செடியைக் கண்டால், பட்ட துன்பமெல்லாம் மறந்துவிடும். செடி எந்தத் துயரையும் போக்கவில்லை, அதைக் கண்ட மகிழ்ச்சிதான் போக்குகிறது. ஆகவே 'துயரகற்றி' என்று சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் மூலிகைக் கடைச் சரக்கு என்று நினைத்துவிடுவார்கள். அந்த வழி வேண்டாம்.

லின்னேயஸுக்கு முன்பே ஐரோப்பியர் இதைப் பார்த்திருக்கிறார்கள். 1658-ல் மடகாஸ்கரின் பிரெஞ்சு ஆளுநர் ஃபிளாக்கூர் அந்தத் தீவின் செடியைப் பற்றி எழுதினார். 1677-ல் டென்மார்க் மருத்துவர் பார்த்தோலின் இலங்கைச் செடியை 'வியப்புக்குரிய மூலிகை' என்ற பொருள்படும் லத்தீன் பெயரால் குறித்தார். பிறகு பிரெய்ன் என்பவர் அதற்குச் சிங்களத்தில் வழங்கும் 'பாந்துரா' என்ற பெயரையே லத்தீன் ஆக்கினார். இலங்கையில் மட்டுமே இயற்கையாக வளரும் அந்தச் செடியின் இன்றைய அறிவியல் பெயர் நெப்பந்தஸ் டிஸ்டிலாட்டோரியா. டிஸ்டிலாட்டோரியா என்றால் சொட்டுச் சொட்டாக வடிப்பது. குடுவைக்குள் இருக்கும் நீரைச் செடி தானே வடிப்பதாக நினைத்து வைத்த பெயர். அந்த நினைப்பு சரிதான். மூடி திறக்கும் முன்பே, ஒரு துளி மழையும் உள்ளே போகாத நிலையிலேயே, குடுவைக்குள் நீர் இருக்கும். செடி சுரந்த நீர் அது.

இந்தச் செடி வளரும் நாட்டுக்காரர்கள் கிரேக்கத்துக்குப் போகவில்லை. மலாயில் இதற்குக் குரங்குப் பானை என்று பொருள்படும் 'பெரியோக் கெரா' என்று பெயர். இந்தியாவில் இயற்கையாக உள்ள ஒரே இனம் மேகாலயத்தின் நெப்பந்தஸ் காசியானா. அதை அங்கு வாழும் காசிப் பழங்குடி மக்கள் 'தியூ ராகோட்' என்கிறார்கள், அரக்கன் மலர். காரோ மக்கள் சொல்வது 'மேமாங் கோக்சி', பேயின் கூடை. ஒவ்வொரு பெயரும் பார்த்த கண்ணின் பெயர்.

சரி, தமிழில் என்ன சொல்வது? இந்தச் செடி தமிழ்நாட்டுக் காடுகளில் இயற்கையாக இல்லாததால், பெயரை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜாடிச் செடி என்கிறார்கள். எனக்கு ஜாடி என்றதும் ஊறுகாய் ஜாடியின் கனமும், தரையில் அது உட்கார்ந்திருக்கும் உட்காரலும்தான் நினைவுக்கு வருகின்றன. கெண்டி என்றும் எழுதுகிறார்கள். அழகான சொல், ஆனால் கெண்டிக்கு மூக்கு உண்டு, இதற்கு இல்லை. குடுவை பொருந்துகிறது. வாய் குறுகிய சிறு பாத்திரம் என்பது அதன் பொருள். அதோடு பனையேறியின் இடுப்பில் தொங்கும் சுரைக்குடுவையும் நினைவில் எழுகிறது. உயரத்தில் தொங்கி, உள்ளே நீர் வைத்திருக்கும் பாத்திரம்.

ஆனால் குடுவைத் தாவரம் என்று மட்டும் நிறுத்தினால் வளர்ப்பவருக்குச் சிக்கல் வரும். வட அமெரிக்கச் சதுப்பு நிலத்தில் சாரசீனியா என்று ஒன்று உண்டு. அதன் குடுவைகள் தரையிலிருந்து நேராக நிற்கும். அதுவும் குடுவைத் தாவரம்தான், ஆனால் நெப்பந்தஸுக்கு உறவு இல்லை. சாரசீனியா விதை முளைக்கச் சில வாரங்கள் ஈரமும் குளிரும் வேண்டும், வளர்ந்த செடிக்கும் குளிர்கால ஓய்வு வேண்டும். அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு நெப்பந்தஸ் விதையை ஈரப் பாசியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தவன் நான். ஒன்றும் முளைக்கவில்லை. பெயர் ஒன்றாக இருந்ததால் வந்த குழப்பம். வெப்பமண்டலக் கொடியான இதற்கு அந்தக் குளிர்ச் சடங்கு தேவையே இல்லை.

அதனால் நான் 'கொடிக்குடுவை' என்கிறேன். நெப்பந்தஸ் இனங்களில் பெரும்பாலானவை ஏறு கொடிகள். இலையின் நுனியிலிருந்து ஒரு பற்றுக்கம்பி நீளும், அதன் முனை வீங்கிக் குடுவையாகும், அதே கம்பி பக்கத்துக் கிளையைச் சுற்றிப் பிடித்து ஏறவும் உதவும். தொங்குகுடுவை என்று சொன்னால் என்ன என்று முதலில் நினைத்தேன். விதையிலிருந்து வளர்த்த பிறகு அதைக் கைவிட்டேன். நாற்றின் குடுவைக்குத் தொங்கும் அளவுக்குக் கம்பியே இருக்காது. இலை நுனியிலேயே ஒட்டிக்கொண்டு பாசிமேல் படுத்திருக்கும்.

விதையைப் பார்த்தால் விதை என்றே தோன்றாது. ஒரு சென்டிமீட்டர் அளவில் பழுப்பு நூல் துண்டு போல இருக்கும், நடுவில் மட்டும் சிறு தடிப்பு. உயிர் அந்தத் தடிப்பில். இரு பக்கமும் நீளும் இழை காற்றில் பறக்க. பனையில் ஆண்பனை, பெண்பனை இருப்பதுபோல் இதிலும் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. ஆகவே வீட்டில் ஒற்றைச் செடி பூத்தாலும் விதை வராது. விதையை வாங்கித்தான் ஆக வேண்டும். வாங்கும்போது கேட்க வேண்டிய ஒரே கேள்வி, காய் எப்போது வெடித்தது என்பது. முளைப்புத்திறன் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் குறைந்துவிடும். ஓர் ஆண்டுப் பழைய விதைக்குப் பணம் கொடுக்காதீர்கள். இன்னொன்று, காட்டிலிருந்து பறித்ததா என்றும் கேளுங்கள். காசியானா, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் இணைப்பில் இருக்கிறது. நாற்றங்காலில் வளர்ந்த கொடியின் விதை போதும்.

விதைப்பது எளிது. சதுப்பு நிலத்தில் வளரும் ஸ்பாக்னம் பாசியை ஊறவைத்துப் பிழிந்து, பொரி போன்ற வெள்ளைக் கல் துணுக்கான பெர்லைட்டைக் கொஞ்சம் கலந்து, சிறு தொட்டியில் நிரப்புங்கள். பாசி கிடைக்காவிட்டால் தென்னை நார்த்தூள் ஆகும், ஆனால் அதன் உப்பைப் பலமுறை அலசிப் போக்க வேண்டும். விதையை மேலே தூவி விடுங்கள், மூடக்கூடாது, வெளிச்சம் பட வேண்டும். மண்ணும் உரமும் வேண்டாம். இந்தச் செடி சத்தில்லாத நிலத்தில் பிழைக்கத்தான் பூச்சி பிடிக்கக் கற்றது, வேருக்குச் சோறு ஊட்டினால் கருகும். தொட்டியைக் கண்ணாடிப் பெட்டியிலோ மூடிய பிளாஸ்டிக் டப்பாவிலோ வைத்து, நேர் வெயில் படாத, நல்ல வெளிச்சமுள்ள ஜன்னலோரம் வைக்கலாம். அப்புறம் பொறுமை. ஒரு மாதத்தில் வரலாம், மூன்று மாதமும் ஆகலாம்.

தண்ணீர்தான் பலரைத் தோற்கடிக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு இந்த நாற்றுகளுக்கு ஆகாது. மழைநீரைப் பிடித்து வையுங்கள், அல்லது காய்ச்சி வடித்த நீர் வாங்குங்கள். ஆர்.ஓ. நீர் என்றால், கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் ஒருமுறை பாருங்கள், 50-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. தன் நீரைத் தானே வடிப்பது என்று பெயர் பெற்ற கொடிக்கு நாமும் வடித்த நீரைத்தான் ஊற்றுகிறோம்.

முதலில் இரண்டு பச்சைப் புள்ளிகள் தெரியும், வித்திலைகள். நான் அதற்கடுத்து சாதாரண இலை வரும், குடுவை பிறகு வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். அப்படி இல்லை. அடுத்து வரும் முதல் இலையிலேயே குடுவை இருக்கும். குண்டூசித் தலை அளவு, கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் வாய் தெரியும், மூடி தெரியும். கொடியாக நீண்டு ஏறுவதற்கு இன்னும் சில ஆண்டுகள் ஆகும். தொட்டியில் செருகிய அட்டையில் விதைத்த தேதியோடு பெயரையும் எழுதி வைத்திருக்கிறேன்: கொடிக்குடுவை.