குழந்தையை முதலில் பார்ப்பது மூக்கு

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகள் பிரசவத்துக்காகத் தாய் வீட்டுக்கு வந்திருக்கிறாள், இது ஒன்பதாவது மாதம். வீட்டில் பிரௌனி என்று ஆறு வயது நாட்டு நாய் ஒன்று உண்டு. மகள் கல்லூரியில் படிக்கும்போது மழையில் நனைந்துகொண்டிருந்த குட்டியைத் துப்பட்டாவில் சுற்றி எடுத்து வந்தாளாம். இப்போது சம்பந்தியம்மாள், "குழந்தை வருவதற்குள் நாயை எங்கேயாவது கொடுத்துவிடுங்கள், முடி வயிற்றுக்குள் போனால் கட்டி வரும்" என்கிறார். மாப்பிள்ளையோ, "ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையின் துணி ஒன்றைக் கொண்டுவந்து மோந்து பார்க்க விட்டால் போதும் அத்தை, அது புரிந்துகொள்ளும்" என்கிறார். யார் சொல்வது சரி என்பது வாசகியின் கேள்வி.

சம்பந்தியம்மாளுக்கான பதில் சுருக்கமானது. ஒன்றிரண்டு நாய் முடி வயிற்றுக்குள் போனால், போகிற வழியில் போய்விடும். கட்டியும் வராது, குட்டியும் வராது. கவலைப்பட வேண்டியது நாயின் குடலில் இருக்கும் உருண்டைப் புழுவைப் பற்றி. அதன் முட்டை நாயின் மலத்திலிருந்து மண்ணுக்கும், மண்ணிலிருந்து கைக்கும், கையிலிருந்து வாய்க்கும் வரும். ஆகவே பிரசவத் தேதிக்கு முன்பே கால்நடை மருத்துவரிடம் ஒரு நடை போய்வர வேண்டும்: ரேபிஸ் தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணிக்கு மருந்து, நகம் வெட்டுதல். ஏற்கெனவே யாரையாவது கடித்த நாய் என்றால் அதையும் அவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட நாய்க்கு இந்தக் கட்டுரை போதாது.

மாப்பிள்ளை சொல்வது பாதி சரி. அந்தப் பாதியைப் பற்றிப் பேசத்தான் எனக்கு ஆசை, ஏனென்றால் அது நாயின் மூக்கைப் பற்றியது.

மணத்தை உணரும் செல்கள் நமக்குச் சுமார் 60 லட்சம், நாய்க்கு 20 கோடிக்கும் மேல் என்று படித்திருப்பீர்கள். எண்ணிக்கை பெரிதுதான். ஆனால் என்னை மயக்குவது உள்ளே நடந்திருக்கும் குழாய் வேலை. நமக்கு மூச்சும் மணமும் ஒரே வழியில் போய் அதே வழியில் திரும்புகின்றன. மல்லிகையை முகர்ந்துவிட்டு மூச்சை விட்டால் மல்லிகையையும் சேர்த்து ஊதித் தள்ளிவிடுகிறோம். நாயின் மூக்குக்குள் வழி இரண்டாகப் பிரிகிறது. இழுத்த காற்றில் பெரும்பங்கு கீழ்வழியாக நுரையீரலுக்குப் போகிறது. ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு மட்டும் மேலே ஏறி, மூக்கின் கோடியில் இருக்கும் ஒரு தனி அறைக்குள் நுழைகிறது. அந்த அறை ஒரு முட்டுச்சந்து. உள்ளே மெல்லிய எலும்புத் தகடுகள் பொரித்த அப்பளம் போலச் சுருண்டும் மடிந்தும் அடுக்கடுக்காக நிற்கின்றன. காற்று அங்கே வேகம் குறைந்து, ஒவ்வொரு மடிப்பாகத் தடவிக்கொண்டு போகிறது. நாய் மூச்சை வெளியே விடும்போது அந்தக் காற்று முட்டுச்சந்துக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. ஆகவே மோந்த மணம் கலையாமல் தங்குகிறது, அடுத்த இழுப்பில் அதன் மேல் இன்னும் கொஞ்சம் சேர்கிறது. 2010-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் ஒரு லாப்ரடாரின் மூக்கை எம்.ஆர்.ஐ. படம் எடுத்து, உள்ளே காற்று ஓடும் பாதையைக் கணினியில் கணக்கிட்டு இதைக் காட்டினார்கள்.

வெளியே விடும் விதம் இன்னும் அழகு. உங்கள் நாயின் மூக்கு நுனியை அருகில் போய்ப் பாருங்கள். துவாரம் வட்டமாக முடியாமல் பக்கவாட்டில் ஒரு பிளவாக நீளும். விடும் மூச்சு அந்தப் பிளவின் வழியே பக்கவாட்டிலும் பின்னாலும் பீய்ச்சப்படுகிறது. எதிரே இருக்கும் மணத்தை அது ஊதிக் கலைப்பதில்லை. மாறாக, அந்தப் பீய்ச்சல் முன்பக்கத்துக் காற்றை மூக்கை நோக்கி இழுத்து வருகிறது. இத்தனையும் நொடிக்கு ஐந்து முறை நடக்கிறது. நாம் ஒரு முறை 'உம்' என்று முகர்வதற்குள் அது ஒரு பக்கத்தைப் படித்து முடித்திருக்கும்.

இரண்டு துவாரங்களுக்கும் வேலை ஒன்றல்ல என்பது எனக்கு இன்னும் வியப்பு. இத்தாலியின் பாரி நகரத்து ஆய்வாளர்கள் 2011-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நாய்களின் முன் விதவிதமான மணங்களை வைத்துப் படம் பிடித்தார்கள். புதிய மணத்தை நாய்கள் முதலில் வலது துவாரத்தால் மோந்தன. அதே மணம் திரும்பத் திரும்ப வந்து, ஆபத்தில்லை என்று ஆனபின், இடது துவாரத்துக்கு மாறின. ஆனால் கால்நடை மருத்துவரின் வியர்வை மணத்துக்கு மட்டும் எத்தனை முறை வைத்தாலும் வலதுதான்! உடலின் வலப்பக்கத்தை மூளையின் இடப்பாதி ஆள்கிறது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். மணம் மட்டும் அப்படிக் குறுக்கே போகாமல், வலது துவாரத்திலிருந்து வலப்பாதிக்கே நேராகப் போகிறது. புதியதையும் பயமுறுத்துவதையும் கவனிப்பது அந்த வலப்பாதி. பழகியவை இடப்பாதியின் பொறுப்பு.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் தங்கைக்குப் பெண் பிறந்தபோது, எங்கள் நாய் ஜிம்மியிடம் இதைப் பார்த்துவிட ஆசைப்பட்டேன். தங்கையின் கணவர் குழந்தையின் தொப்பியைக் கொடுத்தனுப்பினார். நான் அலுவலகத்திலிருந்து வருவதற்குள் அம்மா அதை வெந்நீரில் ஊறவைத்து, சோப்புப் போட்டுத் துவைத்து, உலர்த்தி, மடித்தும் வைத்துவிட்டார். ஆஸ்பத்திரித் துணி, தீட்டாம். ஜிம்மி அதை மோந்து, ஒரு தும்மல் போட்டுவிட்டு நடையைக் கட்டியது. மறுநாள் இன்னொரு தொப்பி வந்தது, முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பையில், 'துவைக்காதீர்கள்' என்ற சீட்டோடு. அதைத் தரையில் வைத்து, செல்பேசியில் வேகத்தைக் குறைத்துப் படம் எடுத்தேன். முதல் தடவை ஜிம்மியின் வலது துவாரம்தான் துணியைத் தொட்டது. ஏழெட்டுத் தடவைக்குப் பிறகு தலை மறுபக்கம் சாய்ந்தது. ஒரே நாய், ஒரே தொப்பி. இதை வைத்து யாரும் முனைவர் பட்டம் வாங்க முடியாது. ஆனாலும் அன்றிரவு அந்தப் படத்தைப் பத்துத் தடவையாவது ஓட்டிப் பார்த்திருப்பேன்.

சரி, மாப்பிள்ளை சொன்னதில் தவறு எங்கே? மணம் தெரிந்துவிட்டதால் மட்டும் அதன் மேல் பிரியம் வந்துவிடாது. எதிர்வீட்டுப் பூனையின் மணமும் பிரௌனிக்கு நன்றாகவே தெரியும். ஒரு மணம் வந்ததும் அடுத்து என்ன நடக்கிறது என்பதைத்தான் நாய் மனத்தில் குறித்துக்கொள்கிறது. சாப்பாட்டுக்கு முன் மணியடித்துப் பழக்கியதில், மணிச் சத்தத்துக்கே எச்சில் விட்ட பாவ்லோவின் நாய் பள்ளிப் பாடம், அதைத் தாண்டிப் போகிறேன். 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், முயலைக் கண்டாலே அலறும் பீட்டர் என்ற சிறுவனுக்கு ஒரு வைத்தியம் செய்தார். அவன் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முயலைத் தூரத்தில் கொண்டுவந்து வைப்பார்கள். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கிட்டே. கடைசியில் பையன் முயலைத் தானே தொட்டு விளையாடினான். விலங்குக்குப் பயந்த குழந்தைக்காக வந்த வைத்தியத்தை இன்று குழந்தையைக் கண்டு மிரளும் விலங்குக்குச் செய்கிறோம்.

நம் வீடுகளில் நடப்பது இதற்கு நேர் எதிர். குழந்தை கூடத்துக்கு வந்தால் நாய் பால்கனிக்குப் போகிறது. குழந்தை தூங்கியதும், பாவம் வாயில்லா ஜீவன் என்று நாயைக் கூப்பிட்டுக் கொஞ்சுகிறோம், பிஸ்கட் போடுகிறோம். எல்லாம் அன்பினால்தான். ஆனால் நாயின் கணக்கில், பால்மணம் வந்தால் கதவு சாத்துகிறார்கள், பால்மணம் போனால் பிஸ்கட் வருகிறது. ஒரு மாதம் இப்படி நடந்தால் அது என்ன முடிவுக்கு வரும்? இதைத் திருப்பிப் போட வேண்டும். குழந்தை கூடத்தில் இருக்கும்போதுதான் தயிர்சாதம், தடவிக்கொடுத்தல், நல்ல வார்த்தை எல்லாம். குழந்தை உள்ளே போய்விட்டால் வீடு வெறிச்சென்று இருக்கட்டும். தொப்பியை மோக்க விடும்போதும் அப்படியே: மோந்து முடித்ததும் ஒரு துண்டு பிஸ்கட். மூக்கில் கொண்டுபோய்த் திணிக்காமல், தரையில் வைத்துவிட்டு, தானாக வரும்வரை காத்திருங்கள்.

இன்னொன்று. நம் வீட்டுப் பிள்ளையின் மணத்தில் தேங்காய் எண்ணெய், பவுடர், வசம்பு வளையல், சாம்பிராணி எல்லாம் கலந்திருக்கும். எண்ணெயையும் பவுடரையும் இப்போதே வாங்கி, வீட்டில் யாராவது கையில் தடவிக்கொண்டு நாயோடு பழகலாம். சாம்பிராணிப் புகையை விட்டுவிடுங்கள் என்பது என் கட்சி. மூன்று கிலோ உடம்பின் நுரையீரலுக்கும் அது ஆகாது, 20 கோடி செல் மூக்குக்கும் ஆகாது. வசம்பை உரைத்து நாக்கில் தடவும் பாட்டிமாரிடமும் இதே சண்டையைப் போட்டுத் தோற்றிருக்கிறேன்.

அழுகை சும்மா ஒரு சத்தம் என்று நினைக்க வேண்டாம். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் 2014-இல் வெளியான ஆய்வில், குழந்தை அழும் ஒலியைக் கேட்ட நாய்களின் எச்சிலில் கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் ஏறியது. மனிதர்களுக்கும் ஏறியது. குழந்தையின் மழலைக்கோ, வெறும் இரைச்சலுக்கோ ஏறவில்லை. ஆகவே பதிவு செய்த அழுகையைப் பக்கத்து அறையில் முணுமுணுப்பாக ஓடவிட்டு, பீட்டரின் முயல் போல, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். நாய் சாப்பிடுவதை நிறுத்தினால் அன்றைக்குக் கூட்டியது அதிகம்.

வெளிநாட்டு அறிவுரைகளில் இல்லாத ஒரு பொருள் நம் வீட்டில் உண்டு: தூளி. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், அதாவது நாயின் கண்மட்டத்தில், துணிக்குள் ஏதோ நெளிகிறது, கீச்சென்று கத்துகிறது, இங்கும் அங்கும் ஆடுகிறது. நாயின் கண்ணுக்கு நிறம் குறைவாகத்தான் தெரியும், அசைவோ மிக நன்றாகத் தெரியும். வேட்டையின் முதல் படி அசைவதை உற்றுப் பார்ப்பது. பாசமான நாய்கூட இங்கே தடுமாறலாம். பெங்களூரு அடுக்குமாடிகளில் உத்தரத்தில் கொக்கி இருக்காது, இரும்பு ஸ்டாண்டில்தான் கட்டுவார்கள். நாய் மோதினால் அது சாயவும் கூடும். குழந்தை வருவதற்கு முன்பே தூளியைக் கட்டி, தலையணையைப் போட்டு ஆட்டி, நாய் கொட்டாவி விடும்வரை பழக்குங்கள். குழந்தை வந்தபின் தூளி இருக்கும் அறைக்கு ஒரு தடுப்புக் கதவு வேண்டும். நாயையும் தூளியையும் ஒரே அறையில் விட்டுவிட்டுப் பால் பொங்குகிறதா என்று பார்க்கப் போவது கூடாது, அரை நிமிடம்கூட.

வீட்டுக்கு வரும் நாளன்று மகள் முதலில் வெறும் கையோடு உள்ளே வரட்டும். நான்கு நாளாக அவளைக் காணாத நாய் மேலே விழுந்து குதிக்கும்; குதித்து முடிக்கட்டும். அதுவரை குழந்தை வேறொருவர் கையில் வெளியே இருக்கட்டும். நாயை வெளியே நடத்திக் களைக்க வைத்து, பெல்ட்டைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, முதலில் அறையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இடையே சந்திப்பு. நாய் இளகி நின்றால், துணி சுற்றிய பாதத்தை மூன்று நொடி மோக்கலாம், பிறகு பெயர் சொல்லி அழைத்துவிட வேண்டும். பச்சைப்பிள்ளையின் முகத்தை நக்க விடக் கூடாது. அவசரம் வேண்டாம், முதல் நாளே பாதம் வரை போயாக வேண்டும் என்று யாரும் கெடு வைக்கவில்லை.

தூக்கம் வராத வேளையில் கொட்டாவி, சும்மா உதட்டை நக்குவது, தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது, உடம்பு சட்டென்று விறைப்பது: எல்லாமே 'எனக்கு இது பிடிக்கவில்லை' என்ற பேச்சு. இவற்றை யாரும் கேட்காவிட்டால் உறுமும். உறுமியதற்கு அடிக்காதீர்கள். அடி வாங்கிய நாய் உறுமலை விட்டுவிட்டு நேராகப் பல்லுக்குப் போகக் கற்றுக்கொள்ளும். குழந்தையை விலக்கி, கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். தோலில் கீறலோ பல்லோ பட்டுவிட்டால், நாய்க்குத்தான் ஊசி போட்டிருக்கிறதே என்று இருந்துவிடாமல், சோப்பும் ஓடும் தண்ணீருமாக 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரேபிஸ் வந்தபின் மருந்தில்லை.

நான் சொன்ன ஆய்வுகளில் நாட்டு நாய் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கொல்கத்தாவின் ஐசர் அறிவியல் ஆய்வு நிறுவனத்தில் ஒரு குழு தெருநாய்களின் நடத்தையை ஆண்டுக்கணக்காகப் படித்து வருகிறது, பெங்களூருவின் நிமான்ஸ் மருத்துவ நிறுவனத்தில் ரேபிஸ் ஆய்வு நடக்கிறது. ஆனால் நம் கூடத்தில் படுத்திருக்கும் பிரௌனி, கைக்குழந்தையை எப்படிப் பார்க்கிறது என்று கேட்பதற்குப் பணம் ஒதுக்கச் சொன்னால் நிதிக் குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள் சிரிப்பார்கள் என்று நினைக்கிறேன். சிரிக்கட்டும், ஒதுக்கிவிட்டுச் சிரிக்கட்டும்.

சம்பந்தியம்மாளிடம் சொல்ல ஒரு செய்தி வேண்டுமானால், பின்லாந்தில் 397 குழந்தைகளை முதல் ஆண்டு முழுக்கக் கவனித்து 2012-இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லலாம். நாய் உள்ள வீட்டுக் குழந்தைகளுக்குச் சளித் தொல்லையும் காதுத் தொற்றும் குறைவாக இருந்தன. நாய்தான் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, அதற்காகப் புதிதாக நாய் வாங்கவும் வேண்டாம். இருக்கிற நாயைத் துரத்த வேண்டியதில்லை என்று சொல்ல அது போதும்.

கடைசியாக வாசகிக்கு ஒன்று. ஏழெட்டு மாதம் கழித்து இந்த வேலையை மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். மடியில் கிடந்த குழந்தையோடு பழகிய நாய்க்கு, நான்கு காலில் தவழ்ந்து வந்து காதைப் பிடித்து இழுக்கும் குழந்தை வேறொரு பிராணி. அது முதலில் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் நாயின் சாப்பாட்டுத் தட்டாகத்தான் இருக்கும். பிரௌனியின் தட்டு இப்போது கூடத்தில் இருந்தால், இந்த வாரமே அதைச் சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் இடத்துக்கு மாற்றிவிடுங்கள். பழகிக்கொள்ள அதற்கும் நாள் வேண்டும்.