புயலுக்கு முன்பே நர்சம்மாவின் பட்டியலில் பெயர் இருக்கட்டும்

தமிழகக் கடலோரத்தில் ஐப்பசி, கார்த்திகை என்றாலே மழையோடு ஒரு புயலின் பெயரும் சேர்ந்து வந்துவிடுகிறது. எச்சரிக்கை வந்ததும் யார் என்ன செய்வார்கள் என்பது ஓரளவு எல்லோருக்கும் தெரியும். தாசில்தார் முகாமைத் திறக்கச் சொல்வார், மீன்வளத்துறை படகுகளைக் கரைக்குக் கூப்பிடும், மின்வாரியத்தார் கம்பத்தோடு வந்து நிற்பார்கள். கிராம சுகாதார செவிலியர், அதாவது ஊரில் நர்சம்மா என்றோ சிஸ்டர் என்றோ கூப்பிடுகிறோமே அவர், அந்த நாட்களில் என்ன செய்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். 'காய்ச்சல் மாத்திரை கொடுப்பார்' என்பதோடு பேச்சு நின்றுவிடும். ஆனால் அவருடைய முக்கியமான வேலை முதல் துளி விழுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அது ஒரு பட்டியல்.

சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசின் அளவுகோல். அதன் பொறுப்பு இந்தச் செவிலியருடையது. அவருக்கு மேலே பகுதி சுகாதார செவிலியர், வட்டார அளவில் சமுதாய சுகாதார செவிலியர், அப்புறம் வட்டார மருத்துவ அலுவலர். நகரங்களில் இதே வேலையை நகர்ப்புற சுகாதார செவிலியர் பார்க்கிறார். தமிழ்நாட்டில் பொது சுகாதாரத்துக்கென்று தனி இயக்ககம் இருக்கிறது, 1939ஆம் ஆண்டிலிருந்து தனிச் சட்டமும் இருக்கிறது. 2004 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். அவ்வளவு பேர் முகாம்களில் நெருக்கியடித்துக் கிடந்தும் காலரா போன்ற பெரிய கொள்ளைநோய் எதுவும் பரவவில்லை. அதற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

சரி, பட்டியலுக்கு வருவோம். கர்ப்பம் உறுதியானதும் செவிலியர் பதிந்து தரும் 'பிக்மி' எண் பலருக்கும் தெரியும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்குக் கேட்கிறார்களே, அதே எண்தான். அந்தப் பதிவில் பிரசவத் தேதி இருக்கிறது. முந்தைய பிரசவம் சிசேரியனா, இரத்த அழுத்தம் உண்டா, இரத்தசோகையா, இரட்டைக் குழந்தையா என்பதும் இருக்கிறது. புயல் எச்சரிக்கை வந்ததும் அடுத்த ஒன்றிரண்டு வாரத்தில் பிரசவத் தேதி உள்ளவர்களையும் சிக்கல் வாய்ப்புள்ளவர்களையும் பிரித்தெடுத்து, தாழ்வான பகுதியிலும் பாதை துண்டிக்கப்படும் ஊர்களிலும் இருப்பவர்களை முன்கூட்டியே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் நடைமுறை. வலி வந்த பிறகு 108ஐக் கூப்பிடலாம் என்று இருந்துவிட்டால் வண்டி வரும், ஆனால் பாலம் இருக்காது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியபோது தூத்துக்குடி மாவட்டத்தில் கர்ப்பிணியை ஹெலிகாப்டரில் மீட்க வேண்டிய நிலை வந்தது நினைவிருக்கும். ஹெலிகாப்டர் எல்லா ஊருக்கும் வராது.

முன்கூட்டிச் சேர்வது யாரோ செய்யும் சலுகை என்று நினைத்துத் தயங்க வேண்டாம். அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, பரிசோதனை, தாய்க்கு உணவு, போக்குவரத்து எல்லாம் இலவசம் என்பது 2011இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி உங்கள் உரிமை. 'இன்னும் பத்து நாள் இருக்கே, இப்பவே எதுக்கு' என்று வீட்டுப் பெரியவர்கள்தான் பெரும்பாலும் தடுக்கிறார்கள். அவர்களோடு பேசிச் சம்மதிக்க வைப்பதே செவிலியருக்குப் பாதி வேலை.

இந்தப் பட்டியலில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. நம் ஊர் வழக்கப்படி ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்கு வந்துவிடுகிறாள். அவளுடைய பதிவு இருப்பது புகுந்த ஊரில். அந்த ஊர் செவிலியர் கதவைத் தட்டினால் ஆள் இல்லை. தாய்வீட்டு ஊர் செவிலியருக்கு இப்படி ஒருத்தி வந்திருப்பதே தெரியாது. திருப்பூரிலோ சென்னையிலோ வேலை பார்த்துவிட்டுப் பிரசவத்துக்கு ஊர் திரும்புகிறவர்கள், செங்கல் சூளையில் குடும்பத்தோடு தங்கியிருப்பவர்கள், தனியார் மருத்துவமனையில் மட்டும் காட்டிக்கொள்கிறவர்கள் எல்லோருக்கும் இதே கதைதான். ஆகவே வளைகாப்பு முடிந்து வந்த வாரமே தாய்–சேய் நல அட்டையை எடுத்துக்கொண்டு அந்த ஊர் துணை சுகாதார நிலையத்துக்கு ஒருநடை போய்வந்துவிடுங்கள். புதன்கிழமை தடுப்பூசி நாள் என்பதால் அன்று செவிலியரைப் பிடிப்பது சுலபம். பிரசவத்தைத் தனியாரிடம் பார்ப்பதாக இருந்தாலும் சொல்லி வையுங்கள், செலவில்லை.

கர்ப்பிணிகளைப் போலவே இன்னொரு கூட்டமும் கவனத்தில் இருக்க வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்தத்துக்குத் தினமும் மாத்திரை போடுகிறவர்கள், காசநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், இன்சுலின் போடுகிறவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு தன்னார்வலர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார். அந்தத் தன்னார்வலரிடமும் செவிலியரிடமும் உங்கள் பெயர் இருக்கிறது என்றால், வெள்ளத்தில் மாத்திரை அடித்துக்கொண்டு போனாலும் சீட்டு இல்லாமலே திரும்பப் பெறுவது எளிது. எச்சரிக்கை வந்த அன்றே இருப்பைப் பார்த்து, குறைவாக இருந்தால் கேளுங்கள். காசநோய் மருந்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நடுவில் விடக் கூடாது. டயாலிசிஸ் நோயாளிகள் மருத்துவமனை உள்ள ஊரில் உறவினர் வீட்டுக்கு முன்பே போய்விடுவது நல்லது, அதற்கு மாத்திரைப் பொட்டலத்தில் தீர்வு இல்லை.

முகாம் திறந்த பிறகு மருத்துவக் குழுவோடு செவிலியரும் வருவார். 2005ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, முகாம்களில் தங்குமிடம், உணவு, குடிநீர், கழிப்பிடம் ஆகியவற்றோடு மருத்துவ வசதியையும் குறைந்தபட்சத் தரத்தில் சேர்த்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இரண்டு நாளாகத் தங்கியும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்றால் கேட்பதற்கு உங்களுக்கு இடமுண்டு. மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070, உடல்நலச் சந்தேகங்களுக்கு 104.

முகாமில் செவிலியர் சொல்லும் ஒரு விஷயம் பலருக்குக் கோபத்தை வரவழைக்கும். பால்மாவு டப்பாவும் பால்புட்டியும் கொண்டுவரும் நல்ல மனிதர்களை அவர் தடுப்பார். இது அவருடைய பிடிவாதம் இல்லை, சட்டம். தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கப்படும் குழந்தை உணவையும் புட்டியையும் அநாதை இல்லங்களுக்குத் தவிர யாருக்கும் தானமாக வழங்கக் கூடாது என்று 1992ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. காரணம் எளிது. வெள்ளத்துக்குப் பிறகு புட்டியைக் கொதிக்கவைத்துக் கழுவ அடுப்பும் இல்லை, நல்ல தண்ணீரும் இல்லை. இரண்டு நாள் புட்டிப்பால் குடித்த பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வரும், தாய்க்குப் பால் சுரப்பும் குறையும். பயத்தில் பால் வற்றிவிட்டது என்று தாய்மார்கள் நினைப்பது சகஜம். குழந்தையை அடிக்கடி மார்பில் போட்டால் சுரப்பு திரும்பிவிடும். அதற்கு மறைவான ஒரு மூலை வேண்டும், அதைத்தான் தன்னார்வலர்கள் ஏற்பாடு செய்யலாம். தாய் இல்லாத குழந்தைக்குச் செவிலியரைக் கேட்டு, புட்டிக்குப் பதிலாகப் பாலாடையில், அதாவது சங்கில், கொடுங்கள். நம் பாட்டிமார் வைத்திருந்த அதே பாலாடைதான், கழுவுவது சுலபம்.

மற்றபடி வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலமும், குழந்தைகளுக்குத் துத்தநாக மாத்திரையும் கேட்டு வாங்குங்கள். துத்தநாகத்தைப் போக்கு நின்ற பிறகும் மொத்தம் 14 நாள் கொடுக்க வேண்டும். எலிக்காய்ச்சல் வராமலிருக்கச் சேற்றில் இறங்கி வேலை செய்கிறவர்களுக்கு மாத்திரை தருவார்கள், ஆனால் அது கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் உரியதல்ல. பக்கத்து வீட்டுக்காரர் மிச்சம் வைத்ததை வாங்கிப் போட வேண்டாம். தண்ணீரில் குளோரின் கலப்பதும் அளப்பதும் சுகாதார ஆய்வாளர் வேலை. குழாய் நீரில் வாடை இல்லை, நிறம் மாறியிருக்கிறது என்றால் அவரிடம் சொல்ல வேண்டும்.

தண்ணீர் வடிந்த பிறகுதான் செவிலியருக்கு நெடும் வேலை. தெருவில் எத்தனை பேருக்குக் காய்ச்சல், எத்தனை பேருக்கு வயிற்றுப்போக்கு என்று எண்ணி அன்றாடம் மேலே அனுப்புவார். ஒரே தெருவில் நாலு பேருக்கு என்றால் மருத்துவக் குழு வரும். நமக்குச் சாதாரணக் காய்ச்சல்தானே என்று மறைத்தால் அந்த எண்ணிக்கை பிழையாகிவிடும். தவறிய தடுப்பூசியையும் அப்போது போட்டுவிடலாம். தடுப்பூசி 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு டெல்டாவில் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட சமயத்தில் 'இந்த வாரம் வேண்டாம், அடுத்த புதன் வாங்க' என்று செவிலியர் சொன்னால் சண்டை போடாதீர்கள், கெட்டுப்போயிருக்கக்கூடிய மருந்தைக் குழந்தைக்கு ஏற்ற அவருக்கு மனமில்லை என்று அர்த்தம்.

அவரிடம் கேட்கக் கூடாதவையும் உண்டு. நிவாரணத் தொகை, அரிசி, வீட்டுச் சேதக் கணக்கெடுப்பு எல்லாம் வருவாய்த்துறை. கிராம நிர்வாக அலுவலரிடம் போக வேண்டிய கோபத்தை இவர்மேல் இறக்குவதை நான் பார்த்திருக்கிறேன். அதே ஊரில் குடியிருக்கும் செவிலியரின் வீட்டுக்குள்ளும் அதே தண்ணீர்தான் புகுந்திருக்கும்.

தாய்–சேய் நல அட்டை நனைந்து கிழிந்துவிட்டால் கவலை வேண்டாம், பிக்மி எண் போதும், பதிவு கணினியில் இருக்கிறது. அந்த எண்ணை இன்றே அட்டையோடு படமெடுத்து வீட்டில் இரண்டு பேருடைய போனில் வைத்துக்கொள்ளுங்கள். கூடவே நர்சம்மாவின் போன் நம்பரையும். துணை சுகாதார நிலையச் சுவரிலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும்.